கயிறென்று தெரிந்த பின்னும்

வலங்கைமானில் எங்கள் வீட்டுத் திண்ணையில், கோடைக்கால இரவு ஒன்றில், என் சித்தப்பா புதுமைப்பித்தனுடைய 'காஞ்சனை'யை உரக்கப் படித்துக் காட்டினார். குடமுருட்டி வற்றி மணல் தெரியத் தொடங்கிய மாதம் அது. தெருவுக்கு மின்சார விளக்கு வந்துவிட்டதேனும் அது எரிந்த நாட்களைவிட எரியாத நாட்களே அதிகமாகையால், அரிக்கேன் விளக்கைத் திண்ணைத் தூணில் மாட்டி, அதன் கீழே அவர் சப்பணமிட்டு அமர்ந்துகொள்ள, நாங்கள் எட்டுப் பேர், சிறியவரும் பெரியவருமாகச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். தன் படிப்பிலும் புத்தியிலும் சற்றே கர்வமுள்ள ஓர் எழுத்தாளன் தானே சொல்வதாக அமைந்த அக்கதையில், அவன் தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் இடங்களிலெல்லாம் சித்தப்பா குரலை ஏற்றியும் இறக்கியும் படிக்கவே, திண்ணை கொல்லென்று சிரித்தது. வீட்டு வேலைக்கென்று வந்து சேர்ந்த அந்தப் பெண்ணைப் பற்றிய சந்தேகம் மெல்லக் கனத்து, நடுநிசியில் பிணவாடை வீசும் கட்டம் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டதா என்றால், நிற்கவில்லை. தொண்டைக்குள் இறங்கி வேறொரு தினுசாகத் தொடர்ந்தது. கதை முடிந்து புத்தகத்தை மூடியதும், "யாராச்சும் கொல்லைக் கிணத்தடியிலேருந்து ஒரு செம்பு தண்ணி கொண்டாங்கடா" என்றார் சித்தப்பா. எட்டுப் பேரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கேட்ட அவரும் எழுந்து போகவில்லை என்பதுதான் வேடிக்கை, தாகத்தோடேயே படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் இரண்டு கண்டனங்கள் வந்தன. முதலாவது அப்பாயியிடமிருந்து: "வெளக்கு வச்ச நேரத்துல அதுங்க பேரை எடுத்துச் சிரிக்கிறீங்களே, அதுங்க காதுல விழாதாடா?" அவள் பேய் என்ற சொல்லை ஒருநாளும் உச்சரித்தவளல்லள், அதுங்க என்பாள், மிஞ்சினால் காத்துக்கருப்பு என்பாள். இரண்டாவது கண்டனம் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரிடமிருந்து. வயலோரத்தில் இரவில் தோன்றி மறையும் கொள்ளிவாய்ப் பிசாசு சேற்றில் ஊறிய வாயு பற்றிக்கொள்வதன்றி வேறில்லை என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். "ஏன் தம்பி, படிச்சவன் நீயே ஊரைக் கூட்டி வச்சுப் பேய்க்கதை படிச்சா, பாமரன் எப்படித் திருந்துவான்?" என்று கேட்டார். ஒருத்திக்கு நாங்கள் சிரித்தது குற்றமாகப் பட்டது. மற்றவருக்கு நாங்கள் பயந்தது குற்றமாகப் பட்டது. இருவருக்குமே சித்தப்பா பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்றே இப்போது நினைக்கிறேன். அவர் சொல்லாமல் விட்ட பதிலைத் தேடித்தான் இத்தனை காலம் கழித்து இதை எழுதுகிறேன்.

கேள்வி யாதெனில், நகைப்பும் அச்சமும் ஒரே கணத்தில் ஒரே உள்ளத்தில் எழக்கூடுமா, எழுந்தால் அவ்வனுபவம் தெய்வத்துக்கும் மரணத்துக்கும் இழைக்கும் அபசாரமா, அல்லது நம் அறிவுக்கு நாமே தேடிக்கொள்ளும் இழுக்கா என்பதேயாகும்.

அலங்கார சாஸ்திரிகளைக் கேட்டால் முதலிலேயே கதவைச் சாத்திவிடுவார்கள். பதினான்காம் நூற்றாண்டில் 'சாகித்திய தர்ப்பணம்' இயற்றிய விசுவநாதர், எந்த ரசத்துக்கு எந்த ரசம் பகை என்று ஜாதகப் பொருத்தம் பார்ப்பதைப்போல் வகுத்துக்கொண்டு வருமிடத்தில், ஹாஸ்யத்துக்குப் பயானகமும் கருணமும் விரோதிகள் என்று தீர்ப்பளிக்கிறார். அவர் கலிங்க நாட்டுப் பண்டிதர். கலிங்கத்துப் பரணியின் நகைச்சுவை ஒரு கலிங்கத்துக்காரருக்கு ருசிக்காமற் போவதில் வியப்பில்லைதான். எனினும் பெரியவர் சொல்லை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. அஞ்சுகிறவன் தன்னைக் காத்துக்கொள்வதிலேயே முனைந்திருக்கிறான். சிரிக்கிறவனோ தன்னை மறந்து அவிழ்த்துவிட்டவன். இறுக்கிப் பிடித்த கையும் விரித்த கையும் ஒரே கையாக இருப்பது எங்ஙனம் என்பது நியாயமான ஆட்சேபந்தான்.

ஆனால் அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட பரதர், நாட்டிய சாஸ்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில், ஒவ்வொரு ரசத்துக்கும் ஒரு நிறத்தையும் ஓர் அதிதேவதையையும் குறிக்கும்போது, பயானகத்துக்குக் கறுப்பு நிறமும் காலன் என்னும் தேவதையும் சொல்லி, ஹாஸ்யத்துக்கு வெண்மையைச் சொல்லிவிட்டு, அதற்கு அதிதேவதையாக வேறெவரையும் தேடாமல் பிரமதர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பிரமதர் யார்? மயானத்தில் சிவபெருமானைச் சூழ்ந்து கூத்தாடும் பூதகணங்கள்! பானை வயிறும் குட்டைக் காலும் பிதுங்கிய விழியுமாக நம் சோழ நாட்டுக் கோயில்களின் அதிஷ்டானத்தில் வரிசையாக நின்று, ஒன்று வாயைப் பிளந்தும் ஒன்று தாளம் போட்டும் ஒன்று இன்னொன்றின் தலையில் குட்டியும் காட்சியளிக்கின்றனவே, அவைதாம். சிரிப்புக்குத் தெய்வம் பேய்க்கூட்டம் என்று வகுத்தவருக்கு, சிரிப்பும் பயமும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்பது தெரியாமலா இருந்திருக்கும்?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் இந்த உறவை வேறொரு வாயிலாகக் காட்டுகிறது. அச்சம் பிறக்கும் இடங்களில் அங்கே முதலாவதாக நிற்பது அணங்கு. நகை பிறக்கும் நான்கு இடங்களிலோ இரண்டு அறியாமையின் பாற்பட்டவை. ஆகவே அணங்குக்கு அஞ்சி நடுங்குகிறவனுக்கு அது அச்சம்; அவன் நடுங்குவதைத் தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு அது பேதைமை, எனவே நகை. கதை கேட்கிறவனுடைய விசேஷ நிலை என்னவென்றால், அவன் இவ்விரண்டு ஆசனங்களிலும் ஒரே சமயத்தில் உட்கார வைக்கப்படுகிறான். நடுங்குகிறவனும் அவனே, அந்நடுக்கத்தைப் பார்த்துச் சிரிக்கிறவனும் அவனே. உண்மையான பாம்போ உண்மையான கள்வனோ எதிரே வந்தால் இந்த இரட்டை ஆசனம் வாய்க்காது.

இலக்கணத்தை விட்டு இலக்கியத்துக்கு வந்தால், நம்மவர்கள் இந்த இரட்டை ஆசனத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே இழைத்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறார்கள். முதற்குலோத்துங்கனுக்காகக் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற போரைக் 'கலிங்கத்துப் பரணி'யாகப் பாட வந்த செயங்கொண்டார், எங்கள் வலங்கைமான் அடங்கிய இதே திருவாரூர்ச் சீமையில் சமணக் கோயில் விளங்கும் தீபங்குடியைச் சேர்ந்தவர் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவருவது. அவர் அரசனையும் படையையும் நேரே பாடத் தொடங்காமல், வெந்து கரிந்த பாலைநிலத்தின் நடுவே காளியின் கோயிலையும் அதைச் சுற்றிப் பசியால் ஒட்டி உலர்ந்து கிடக்கும் பேய்களையும் முதலில் நிறுத்திக்கொண்டு, அப்பேய்களின் வயிறு நிறைவதையே நூலின் பயனாக்கிவிட்டார். களத்தில் செத்த யானைகளும் வீரர்களும் அரிசியாகவும் நெய்யாகவும் அடுப்பாகவும் அகப்பையாகவும் மாற, பேய்கள் பல் துலக்கிக் குளித்துக் கூழ் சமைத்துப் பந்தி பரிமாறும் அந்தக் கடைசிப் பகுதியை, கலியாண வீட்டுச் சமையற்கட்டின் சந்தடியை அறிந்தவர் யாரும் சிரிக்காமல் படிக்க முடியாது. என்ன சமைக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்த மாத்திரத்தில் குமட்டாமலும் படிக்க முடியாது. பிக்ஷை கேட்கும் பார்ப்பனப் பேய்க்கு ஒரு விதமாகவும், வாய் பேசாமல் கைச்சாடை காட்டும் ஊமைப் பேய்க்கு ஒரு விதமாகவும், ஒருபொழுதே உண்ணும் சமணப் பேய்க்கு மயிர் கலவாதபடி கூழை வடிகட்டியும் வார்க்கச் சொல்கிறார் கவிஞர். சமணர் ஒருவர் அவ்விடத்தைப் படித்தால் நம்மைப்போல் வாய்விட்டுச் சிரிப்பாரா என்ற ஐயம் எனக்கு உண்டு. தீபங்குடிக்காரர் தம் ஊர்ப் பெரியவர்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அதை எழுதினாரோ என்றுகூடத் தோன்றும்.

எனினும் நான் சொல்ல வந்தது பந்தியை அன்று. அதற்கு முன்னே வரும் இந்திரசாலத்தை. காளியின் கோபத்துக்கு அஞ்சி இமயத்துக்கு ஓடிப்போய் அங்கே மாய வித்தைகளைக் கற்றுத் திரும்பி வந்த ஒரு கிழப்பேய், தேவியின் முன்னிலையில் தன் வித்தையைக் காட்டுகிறது. கையை விரித்தால் யானைத் துதிக்கைகள். திரும்பினால் இரத்த வெள்ளம். வெள்ளத்தில் மிதக்கும் உடல்கள். பசித்திருந்த பேய்க்கூட்டம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பாய்கிறது, அள்ளுகிறது, வாயில் போடுகிறது, வெறும் பல்லோடு பல் மோதுகிறது. மாயை என்று தெரிகிறது. தெரிந்தும் கிழப்பேய் அடுத்த காட்சியைக் காட்டினால் மறுபடியும் பாய்கிறது! போதும், இனி இதைக் காட்ட வேண்டாம் என்று பேய்களே கதறும்வரை இது நடக்கிறது. புனைகதையைப் படிக்கிறவர்களின் நிலையை இவ்வளவு துல்லியமாக, இவ்வளவு இரக்கமின்றி, இவ்வளவு சிரிப்பாகக் காட்டிய வேறோர் இடத்தை நான் எந்தப் பாஷையிலும் படித்ததில்லை. இல்லாத பேயைக் கண்டு நாம் நடுங்குகிறோம். அந்தப் பேய்க்கோ இல்லாத பிணத்தைக் கண்டு வாய் ஊறுகிறது. யாருடைய நிலை அதிகப் பரிதாபம் என்று தீர்மானிப்பது கடினம். நம்மைப் பயமுறுத்த வேண்டிய பேயையே கதை கேட்டு ஏமாறும் வாசகனாக்கிவிட்டபின், அதனிடம் நமக்குப் பயம் போய்விடுகிறதா? போகவில்லை, ஆனால் அது அந்நியமானதாக இல்லாமற் போகிறது.

பரணிக்கு ஐந்து நூற்றாண்டுகளேனும் முந்திய காரைக்காலம்மையாரிடம் இந்தப் பரிச்சயம் இன்னும் ஆழமானது. ஏனெனில் அவர் பேயைப் பற்றிப் பாடியவர் மாத்திரமல்லர், பேயுருவை வேண்டிப் பெற்றவர். அவருடைய மூத்த திருப்பதிகத்தில் திருவாலங்காட்டுச் சுடலையில் ஒரு பேய் கள்ளிமரக் கிளையிடையே காலை நீட்டிக்கொண்டு, எரிகொள்ளியின் கரியை மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. பிறகு எதையோ கண்டு தானே வெருண்டு துள்ளுகிறது. சிதையின் சூடு பட்டதும் சினந்துகொண்டு புழுதியை வாரி இறைத்து அந்த நெருப்பை அணைக்கப் பார்க்கிறது. அலங்காரம் செய்துகொள்ளும் வேளையில் சூடுபட்டு எரிச்சலடையும் எந்தப் பெண்ணும் செய்கிற காரியந்தான். சுடலையை அருவருத்து ஒதுங்கி நின்றவரால் இதைப் பார்த்திருக்க முடியாது. அச்சத்தின் எல்லையைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்து, சாவகாசமாகக் கவனித்தவர் கண்ணுக்கே இந்தச் சிரிப்பு தட்டுப்படும். அம்மையார் அங்கே இருப்பது ஆடும் பெருமானின் திருவடிக்கீழ் என்பதை நாம் மறந்துவிடலாகாது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில், எலும்பெழுந்த மார்போடு தாளம் தட்டி அமர்ந்திருக்கும் அவ்வம்மையாரின் உதட்டில் உள்ளது ஆனந்தமா, பேய்ச்சிரிப்பா என்று பிரித்துச் சொல்லச் சிற்பிக்கே விருப்பமில்லைபோலும்.

அப்பாயிக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளே எங்களுக்குச் சொன்ன தெனாலிராமன் கதை ஒன்று போதும். காளி ஆயிரம் முகத்தோடு எதிரே தோன்றியபோது, பார்த்தவன் இரத்தம் கக்கிச் சாக வேண்டிய காட்சியில், ஒரு மூக்கில் சளி பிடித்தாலே நமக்குத் தாங்கவில்லையே, இவளுக்குப் பிடித்தால் ஆயிரம் மூக்கையும் எப்படிச் சிந்துவாள் என்று எண்ணி அவன் சிரித்துவிட்டான். தேவி சபிக்கவில்லை, தானும் சிரித்து, விகடகவி என்று வாழ்த்தினாள். இதைச் சொல்லும்போது அப்பாயி தன் முந்தானையால் மூக்கைச் சிந்திக் காட்டுவாள். விளக்கு வைத்த நேரத்தில்தான் சொல்வாள் என்பதையும் நான் குறித்துவைக்க வேண்டும்.

வாத்தியாருடைய ஆட்சேபத்துக்குப் பதில் சொல்வது சற்றுக் கடினம். நம்பாத ஒன்றைக் கண்டு பயப்படுவது கோழைத்தனம், அதை ரசிப்பது மூடநம்பிக்கைக்கு உரமிடுவது என்பது அவர் கட்சி. நம்புவதும் ரசிப்பதும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டதில்தான் அவர் சறுக்கினார். இதே வலங்கைமானில் 1869-ல் பிறந்த மகாகனம் ஸ்ரீநிவாச சாஸ்திரியார், 1944-ல் மயிலாப்பூர் சம்ஸ்கிருதக் கல்லூரியில் வால்மீகி ராமாயணத்தைப் பற்றிப் பல மாதங்கள் தொடர்ந்து பேசினார். இராமனை அவதாரமாக வைத்துப் பேசாமல் மனிதனாகவே வைத்துப் பேசியதனால் ஆஸ்திகர் பலருக்கு மனவருத்தம் உண்டாயிற்று. ஆயினும் அந்த மனிதனுடைய துக்கத்தில் அவர் தோய்ந்த அளவுக்கு, அவதாரமென்று கன்னத்தில் போட்டுக்கொள்கிற எத்தனை பேர் தோய்ந்திருப்பார்கள்? காவியத்தில் உருகுவதற்குச் சித்தாந்தத்தின் அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. கண்ணீருக்கு இது பொருந்துமானால் மயிர்க்கூச்சுக்கும் பொருந்தும்.

புதுமைப்பித்தனிடமே இக்கேள்வி கேட்கப்பட்டதுண்டு என்றும், பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை, பயம் மாத்திரம் இருக்கிறது என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார் என்றும் சொல்வார்கள். இதை ஒரு சாமர்த்தியமான துணுக்காக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். எனக்கென்னவோ இதற்குள் வேதாந்தத்தின் ஒரு நுட்பமான அத்தியாயமே அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது.

அரையிருட்டில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று கண்டு அலறுவதும், விளக்கைக் கொண்டுவந்து பார்த்ததும் பாம்பு மறைந்து கயிறே எஞ்சுவதும் நம் நாட்டில் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த திருஷ்டாந்தம். பலரும் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். வித்தியாரண்யர் நிறுத்தவில்லை. 'பஞ்சதசி'யின் திருப்தி தீபம் என்னும் பிரகரணத்தில் அவர் கேட்பது, கயிறென்று தெரிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை. கயிறென்ற ஞானம் உதித்துவிட்டது. ஆனால் உடம்பின் நடுக்கம் அந்தக் கணமே நிற்பதில்லை, மெல்ல மெல்லத்தான் தணிகிறது. அதுமட்டுமன்று, அதே கயிற்றை மறுபடி மங்கிய இருட்டில் எறிந்தால் மறுபடியும் அது பாம்பாகவே தோன்றும். அவ்வாறே ஞானம் பெற்றவனுக்கும் பிராரப்தம் பலாத்காரமாக அறுந்துவிடுவதில்லை. போகத்தை அனுபவிக்கும்போது எப்போதாவது ஒரு வேளை, நான் சாகப் பிறந்தவன் என்ற எண்ணம் அவனுக்கும் தலைகாட்டும். அதனால் பெற்ற ஞானம் கெட்டுவிடாது என்று அவர் சமாதானம் சொல்கிறார். முக்தனுக்கே இந்தச் சலுகை உண்டென்றால், கிணற்றடிக்குப் போக மறுத்த என் சித்தப்பாவை வாத்தியார் கடிந்துகொண்டது சற்று அதிகப்படிதான்.

அறிவு வந்து சேர்ந்துவிட்டது, நடுக்கம் இன்னும் விடைபெறவில்லை என்ற அந்தச் சிறு இடைவேளை இருக்கிறதே, அங்கேதான் சிரிப்பு பிறக்கிறது. பாம்பென்று நினைத்து ஓடியவன் கயிற்றைக் கண்டதும் முதலில் செய்யும் காரியம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். மார்பு இன்னும் அடித்துக்கொண்டிருக்க, கால் இன்னும் துவள, அவன் சிரிக்கிறான். நடுக்கம் முழுதும் அடங்கியபின் அவனுக்குச் சிரிப்பு வராது. கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போவான். ஞானம் உதிப்பதற்கு முன்னும் சிரிப்பு வராது, அப்போது அலறல்தான். ஹாஸ்யமும் பயானகமும் பகை என்ற விசுவநாதர் முன்னையும் பின்னையும் பார்த்தார். நடுவிலுள்ள இடைவேளையை அவர் அளக்கவில்லை. அந்தக் கணத்தை நீட்டி நீட்டி ஒரு கதையின் நீளத்துக்கு இழுத்துப் பிடிப்பதே நகையும் பேயும் கலந்த புனைவின் தந்திரம். கயிறு என்று காட்டியபடியே மறுபடி மறுபடி அரையிருட்டில் எறிவது. 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவில், முருங்கை மரமும் தோளில் பிணமுமாக விக்கிரமாதித்தன் நடந்ததை மாதந்தவறாமல் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, பிணம் பேசும் என்பதும் தெரியும், பேசி முடித்ததும் மரத்துக்குத் திரும்பிவிடும் என்பதும் தெரியும். தெரிந்தும் அடுத்த மாத இதழுக்குக் காத்திருந்தோம்.

எல்லாப் புனைவும் இந்த இடைவேளையைப் பிடித்துவிடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அண்மைக் காலத்தில் 2007-ல் 'முனி', 2011-ல் 'காஞ்சனா', 2014-ல் 'அரண்மனை' என்று தமிழ்த் திரையில் வரிசையாகப் பேய்கள் வந்து கொட்டகைகளை நிரப்பின. இருட்டினால் தாயைத் துணைக்கழைக்காமல் எழுந்திருக்க மாட்டாத வளர்ந்த ஆண்பிள்ளையைக் கண்டு கும்பகோணத்துக் கொட்டகையே அதிரச் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன்; பக்கத்து ஆசனத்துப் பெண்மணி விரல்களால் கண்ணை மூடி விரலிடுக்கால் பார்த்துக்கொண்டு சிரித்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த விரலிடுக்கு உண்மை. ஆனால் பின்னே வந்தவற்றில் பலவும் சிரிப்புக்குப் பத்து நிமிஷம், பயத்துக்குப் பத்து நிமிஷம் என்று பாத்தி கட்டிப் பிரித்து நட்டவை. அங்கே எல்லாம் ஆசிரியர் விளக்கையும் இருட்டையும் தனித்தனியே விற்கிறார். அரையிருட்டு அவர் கடையில் இல்லை.

இங்கே தெய்வத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பயானகத்துக்குத் தேவதை காலன் என்றோம். வலங்கைமானுக்குக் கிழக்கே ஸ்ரீவாஞ்சியத்தில் யமனுக்குத் தனிச் சந்நிதி உண்டு. முதலில் அவனை வணங்கிய பின்னரே சுவாமியிடம் போக வேண்டும் என்பது அவ்வூர் முறை. அத்தோடு நில்லாமல், உற்சவத்தில் சுவாமிக்கு அங்கே யமனே வாகனம். உயிர்களைக் கவரும் தொழிலின் பாபம் தாளாமல் ஈசனிடம் வந்து முறையிட்டவனுக்கு இப்பதவி கிடைத்தது என்பது தலபுராணம். தன் உத்தியோகத்தை எண்ணித் தானே மனம் நொந்த யமன்! மேளமும் தீவட்டியுமாகப் புறப்பாடு வரும்போது, மூவுலகும் அஞ்சும் தென்திசைக் கோமான் தோளில் பாரம் சுமந்து பிதுங்கிய கண்ணோடு ஆடி ஆடி வருவதைக் கண்டு, தகப்பன் தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கின்றன. தகப்பன்மார் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். இரண்டையும் அபசாரமென்று அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எங்கள் ஊரிலேயே வரதராஜம்பேட்டைத் தெருவில் கோயில்கொண்ட மகாமாரியம்மனுக்குப் பாடைகட்டி மாரியம்மன் என்றே நாடெங்கும் பெயர். பிழைப்பதரிது என்று கைவிடப்பட்ட நோயாளிக்காக, எழுந்து நடந்தால் உனக்குப் பாடைக்காவடி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டு, பிழைத்தவர்கள் பங்குனி மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அந்த நேர்த்திக்கடனைச் செலுத்துகிறார்கள். குடமுருட்டியில் குளித்து ஈர வேட்டியோடு வந்தவரைப் பச்சை மூங்கிலும் கீற்றும் கொண்டு கட்டிய பாடையில் கிடத்தி, பிணத்துக்குரிய சகல உபசாரங்களும் செய்து, நெற்றியில் காசு வைத்து, உறவில் ஒருவர் தீச்சட்டி ஏந்தி முன்னே நடக்க, சாவு மேளம் முழங்க நால்வர் தூக்கிக்கொண்டு கோயிலை மூன்று முறை சுற்றுவார்கள். பிறகு பூசாரி தீர்த்தம் தெளித்து விபூதியிட, பிணம் எழுந்து உட்காரும்.

உயிரோடிருக்கிறவனுக்குச் சாவுச் சடங்கின் நிழல் படுவதும் அமங்கலம் என்று எண்ணும் ஒரு சமூகம், ஆண்டுக்கொரு நாள் வரிசையாகப் பாடைகளை வரவிட்டு, ஐஸ் விற்பவனும் பலூன் விற்பவனும் பக்கத்தில் கூவ, அதைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறதே, இதன் தாத்பரியம் என்ன என்று வெளியூர் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். இது பரிகாசமா, பக்தியா? நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு பாடையைக் காட்டினேன்.

அதில் படுத்திருந்தவர் எழுபது வயதிருக்கக்கூடிய மனிதர். கண்ணை இறுக மூடி, கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டு, உண்மையாகவே கட்டை போலக் கிடந்தார். பக்கத்தில் வந்த அவர் மனைவி, நடப்பது நேர்த்திக்கடன் என்பதை முற்றிலும் அறிந்தவர், அதற்கான செலவுக்குப் புடவைத் தலைப்பில் பணம் முடிந்துவைத்திருப்பவர், விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார். இரண்டாம் சுற்றில் கோயிலின் வடமேற்கு மூலையில் கூட்டம் நெருக்கியதால் பாடை சற்று நின்றது. அப்போது எங்கிருந்தோ வந்த ஈ ஒன்று கிழவரின் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. கை கட்டியிருக்கிறது; ஓட்டக்கூடாது; பிணம் ஈ ஓட்டாது. மூக்கு மெல்லச் சுருங்கிற்று, விரிந்தது, மறுபடி சுருங்கிற்று. பாடையோடு ஒட்டி நடந்துவந்த ஏழெட்டு வயதுப் பேரன் அதைப் பார்த்துவிட்டான். "அப்பாயி, தாத்தா மூக்க ஆட்டுறாரு" என்றான். பாட்டி அழுகையினூடே நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு அழுதுகொண்டேயிருந்தார், ஆனால் தோள்கள் குலுங்கிய விதம் மாறிவிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். தூக்கி வந்த நால்வரில் ஒருவரும் அடக்க மாட்டாமல் தலையைக் குனிந்துகொண்டார். பாடையே லேசாகக் குலுங்கிற்று.

என் நண்பர் வெகுநேரம் பேசவில்லை. கடைத்தெருப் பக்கம் யாரோ வாணவெடி விட்டார்கள். வெடிக்குப் பெயர் போன ஊர் எங்களுடையது, எந்த விசேஷத்துக்கும் வெடி உண்டு, சாவுக்கும் உண்டு, கலியாணத்துக்கும் உண்டு, சத்தத்தைக்கொண்டு இன்னதற்கு என்று சொல்ல முடியாது.

மூன்றாம் சுற்று முடிந்து, தீர்த்தம் தெளித்து, கட்டவிழ்த்ததும் கிழவர் எழுந்து உட்கார்ந்தார். முதல் காரியமாக மூக்கை அழுந்தத் தேய்த்துக்கொண்டார். நெற்றியில் சந்தனத்தோடு ஒட்டியிருந்த ஒற்றை ரூபாய்க் காசைப் பெயர்த்தெடுத்துப் பேரனிடம் நீட்டி, "இந்தாடா, முட்டாய் வாங்கிக்க" என்றார். பையன் சிரித்தான். காசைப் பார்த்தான், தாத்தாவைப் பார்த்தான், மறுபடியும் காசைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தான். கையை மாத்திரம் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னே நகர்ந்தான்.